மூன்று படங்களும் ஒரு நீலத் துணியும்

கிளீனிங் வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் அறைக்குள் நிற்கும்போதும் அங்கே ஒருவரும் இல்லை என்ற மாதிரித்தான் மற்றவர்கள் கதைப்பார்கள். முழங்கால் தேய்ந்து, கையுறைக்குள் விரல் வெந்து போன என் சக தொழிலாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் வங்கி துடைத்திருப்பீர்கள், ஆஸ்பத்திரி துடைத்திருப்பீர்கள், பள்ளிக்கூட மேசைகளின் அடியில் சுவிங்கம் சுரண்டியிருப்பீர்கள். நான் பத்து வருஷம் ஒரு ஜனாதிபதியைத் துடைத்தேன்.

படத்தைத்தான் சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு குடியரசின் தூதரகம் பேர்ன் நகரில் இருக்கிறது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். சேர்ந்த அன்றே வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பழைய வீடு ஒன்று. கீழே வேலை நடக்கும் கந்தோர், மேலே தூதுவரும் அவருடைய மனைவியும் குடியிருக்கும் வீடு. தூதுவரை நான் சேர் என்பேன், மனைவியை மேடம் என்பேன். அந்த நாட்டுக்காரர் ஜோசப் கார் ஓட்டுவார். விசா ஜன்னலில் ஃப்ராவ் லூத்தி என்ற சுவிஸ் பெண்மணி இருப்பார். ஐந்தாவது ஆள் நான். முன் ஹோலிலும், தூதுவரின் அறையிலும், விசாவுக்குக் காத்திருக்கும் அறையிலும் ஆளுயரத்தில் பாதி வரும் மூன்று படங்களில் ஜனாதிபதி இருந்தார். அவரையும் சேர்த்தால் ஆறு பேர்.

முதல் நாள், முதல் கறை

கண்ணாடி போட்ட படத்தை எப்படித் துடைப்பது என்று உங்களுக்குத் தெரியும். துடைக்கும் மருந்தைத் துணியில் அடிக்க வேண்டும், கண்ணாடியில் அடிக்கக் கூடாது. எனக்கு அன்று தெரியாது. ஆர்வக் கோளாறில் ஹோலில் இருந்த ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே இரண்டு தரம் அடித்தேன். தண்ணீர் வழிந்து, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இறங்கி, உள்ளே இருந்த தாளில் ஊறியது. பத்து நிமிஷத்தில் அவருடைய நாடிக்குக் கீழே சின்னதாக ஒரு தாடி முளைத்துவிட்டது.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வாளியைக்கூடக் கழுவி வைத்துவிட்டேன். ஜோசப் வந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிலக்கீழ் அறைக்குப் போனார். அங்கே இப்படியான அவசரத்துக்கென்றே சுருட்டி வைத்த ஜனாதிபதிகள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவரை எடுத்துவந்து சட்டத்துக்குள் மாற்றிப் போட்டுவிட்டு, நனைந்தவரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கவலைப்படாதே சிஸ்டர், இதைவிடப் பெரிய கறையெல்லாம் அவருக்கு ஊரில் இருக்கிறது."

சிவப்பா, நீலமா

நம் தொழிலில் துணிக்கு நிறம் உண்டு. சிவப்புத் துணி கக்கூஸுக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, பச்சை சமைக்கிற குசினிக்கு, நீலம் மேசை கதிரை கண்ணாடி எல்லாவற்றுக்கும். சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டு நாள் வகுப்பு வைத்து மனப்பாடமாக்கிய சட்டம் இது. ஆகவே ஜனாதிபதியை நான் நீலத் துணியால்தான் துடைத்தேன். ஒரு காலை தூதுவர் எனக்குப் பின்னால் வந்து நின்று கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். நீலம் எங்கள் நாட்டில் எதிர்க்கட்சியின் நிறம், விசாவுக்கு வருகிற சனம் பார்க்கிறது, ஜனாதிபதியின் முகத்தை நீலத்தால் தேய்ப்பது நன்றாக இல்லை, வேறு நிறம் பாவிக்கலாமே என்றார். எந்த நிறம் சேர் என்று கேட்டேன். எங்கள் கட்சியின் நிறம் சிவப்பு என்றார்.

பெரிய மனிதர், படித்தவர். அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது வகுப்புக்குப் போன ஆள் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்? சிவப்புத் துணி எதற்கென்று, தரையைப் பார்த்தபடி, எவ்வளவு மரியாதையாகச் சொல்லலாமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். தூதுவர் படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் முடிவு சொன்னார்: "நீலமே இருக்கட்டும், மிஸஸ் தவா. ஆனால் ஜன்னல் திரையை மூடிவிட்டுத் துடையுங்கள்."

இந்த வருஷம் யார்?

சுவிஸில் ஏழு அமைச்சர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வருஷத்துக்கு ஜனாதிபதியாக இருந்துவிட்டு அடுத்தவரிடம் விட்டுவிடுவார். படம் மாட்டுவார் யாருமில்லை. ஒரு தை மாதம் தூதுவர் புதுவருஷ வாழ்த்து எழுதிக்கொண்டு இருந்தவர், குப்பைக்கூடையை எடுக்கப் போன என்னிடம், உங்கள் ஜனாதிபதியின் பெயருக்கு எழுத்துச் சரிதானா என்று கேட்டார். நான் அப்போது சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்து மூன்று மாதம். குடியுரிமை நேர்முகத்தில் அந்தக் கேள்விக்கு டக்கென்று பதில் சொன்னவள். ஆனால் அது போன வருஷத்து ஆள், இந்த வருஷம் யார் என்று தெரியாது.

வெட்கமாகப் போய்விட்டது. தொழிற்பயிற்சியில் இருந்த என் மகள் அபிக்குப் போன் அடித்தேன். இங்கேயே பிறந்தவள், அவளுக்குத் தெரியாமல் போகுமா? "பொறுங்கோ அம்மா, பாக்கிறன்," என்று அவளும் போனைத்தான் தேடினாள். தூதுவர் பேனையை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் ஆசையோடு சொன்னார்: "பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஜனாதிபதி வந்தால்கூட உங்களுக்குத் தெரியப் போவதில்லை. கொடுத்து வைத்தவர்கள்."

கொப்புளம்

இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இப்போது அவர் பதவியில் இல்லை, சொல்லலாம்.

டாவோஸில் பெரிய கூட்டத்துக்குப் போகிற வழியில் ஜனாதிபதி எங்கள் தூதரகத்துக்கு ஒரு மணித்தியாலம் வந்தார். மூன்று நாள் துடைத்தோம். ஃப்ராவ் லூத்தி வாசல் மணியின் பொத்தானைக்கூட மினுக்கினார். அவர் வருகிற நேரம் நான் கண்ணில் படாமல், வாளியும் தும்புத்தடியும் வைக்கும் சின்ன அறைக்குள் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நானும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வெளியே கூட்டம் கோட்டுகளைக் கழற்றிச் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு இருந்தபோது கதவு திறந்தது. தினமும் நான் துடைக்கிற முகம் உள்ளே வந்து கதவைச் சாத்தியது. படத்தில் கண்ணுக்குக் கீழே பை இருக்காது; நேரில் இருந்தது.

என்னுடைய குட்டி ஏணியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பனிக்கென்று யாரோ வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்து, குதிக்காலில் இரண்டு சதக் காசு அளவில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. ஏப்ரனில் நான் எப்போதும் பிளாஸ்டர் வைத்திருப்பேன். குந்தியிருந்து ஒட்டிவிட்டு, வலிக்கிறதா சேர் என்று கேட்டேன். அவர் எழும்பி, காலை ஊன்றிப் பார்த்து, முகத்தைப் படத்தில் இருப்பது போலச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறக்க முதல் சொன்னார்: "பதவிக்கு வந்த பிறகு என்னிடம் இப்படி ஒருவரும் கேட்கவில்லை. வலிக்கிறது. வெளியில் சொல்லிவிடாதே."

தலையணை

மேடத்துக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தது போன வருஷம். ஆறு தரம் மருந்து ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், அதன் பிறகு ஒபரேஷன் என்று டாக்டர் சொன்னார். இடையில் நிறுத்தவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னாராம். இரண்டாம் தரம் ஏற்றிய பிறகு முடி கொட்டத் தொடங்கியது. மேடம் முடியைப் பின்னிப் பின்னி அழகு பார்க்கிறவர். அந்தப் பின்னலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

எனக்கு எட்டு மணிக்கு வேலை. நான் ஏழேகாலுக்குப் போகத் தொடங்கினேன். அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, கோட்டில் ஒட்டிய நூலை எடுக்கிற அந்த ஒட்டுருளையால் தலையணையை உருட்டி எடுப்பேன். கதிரை முதுகு, குளியலறை வாசல், பிறகு ஜன்னலோரம். அவர் திரும்பி வரும்போது ஓரிழைகூட இருக்காது. இப்படி ஒரு பத்து நாள் போனது. பதினோராம் நாள் மேடம் குளிக்கப் போகாமல் கட்டிலிலேயே இருந்தார். என் கையில் இருந்த உருளையைப் பார்த்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் முடி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, தவா. நீயும் சொல்ல வேண்டாம். ஆனால் நாளைக்கு எட்டு மணிக்கே வா, உனக்கும் நித்திரை வேண்டும்."

எண்ணிக்கை

மூன்றாவது தரம் ஏற்றிய கிழமையில் அவர்களுடைய நாட்டில் தேர்தல். மூன்று முடிந்து மூன்று இருந்தது. ஜனாதிபதி மாறினால் உலகத்தில் உள்ள அவர்களுடைய தூதுவர்கள் எல்லோரும் ராஜினாமாக் கடிதம் எழுதிப் புதியவரின் மேசையில் வைக்க வேண்டுமாம். வைத்திருப்பதும் அனுப்புவதும் அவர் விருப்பம். திருப்பி அழைத்தால் முப்பது நாளில் பெட்டி கட்ட வேண்டும். இந்த ஊர் காப்புறுதியும் ஆஸ்பத்திரியும் அத்தோடு சரி. எங்கள் தூதுவரோ, எதிரணிக்காரருக்கு ஒரு கிராமசபையைக்கூட நடத்தத் தெரியாது என்று பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியவர். அந்த எதிரணிக்காரர் வென்றார்.

இரண்டு நாள் நாங்கள் டிவிக்கு முன்னால் நின்றது அரசியலுக்காக இல்லை. ஒவ்வொரு மாவட்டமும் நீலமாக மாற, ஜோசப் விரலை மடக்கிக்கொண்டு நின்றார். முடிவு வந்த அன்று பின்னேரமே தூதுவர் கடிதத்தை எழுதினார். மேடத்தின் வருத்தத்தை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், மனிதன்தானே அவரும், என்று ஃப்ராவ் லூத்தி கெஞ்சாத குறையாகச் சொன்னார். நான் அலுமாரிக்கு மேலே தூசு தட்டிக்கொண்டு நின்றேன். தூதுவர் கடிதத்தை உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "மனைவியின் நோயைச் சேர்த்து எழுதினால் அது ராஜினாமா இல்லை. பிச்சை."

குப்பைக்கு ஸ்டிக்கர்

பதவியேற்பு முடிந்ததும் புதிய படங்கள் வந்தன. பழையவற்றைக் கழற்றினோம். இரண்டைச் சட்டத்தில் இருந்து உருவி ஜோசப் ஊருக்கு அனுப்ப எடுத்து வைத்தார். ஹோலில் இருந்த படம் ஆணி துருப்பிடித்துச் சட்டத்தை விட்டு வரவில்லை. குப்பையில் போடுகிற பெரிய சாமான் என்றால் இந்த ஊரில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித் தெருவோரம் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃப்ராவ் லூத்தி ஸ்டிக்கரை என் கையில் தந்தார். நான் அதை ஜனாதிபதியின் நெற்றியில் ஒட்டுவதா, கோட்டில் ஒட்டுவதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குதிக்காலில் பிளாஸ்டர் ஒட்டிய மனிதர். மனம் வரவில்லை. படுக்கை விரிப்பொன்றில் சுற்றி, பத்தாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருத்தி, ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஹோலில் கலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் எனக்கிருந்த பின்னேர வேலைக்கு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஊதுபத்தி மணம். ஜனாதிபதியின் கழுத்தில் சந்தன மாலை. இறந்துபோன மாமாவின் படத்துக்கென்று ஊரிலிருந்து எடுப்பித்த மாலை அது. முன்னால் ஒரு கப் தேத்தண்ணியும் இருந்தது. என் மனுஷன் டிவியைக்கூடப் போடாமல், பக்கத்தில் கைகட்டி இருந்தார். "எப்ப நடந்தது? நல்ல மனுஷன் எண்டு நீர் சொல்லுறனீரே," என்று மெல்லக் கேட்டார். அவர் சாகவில்லையப்பா, தோற்றுப்போனார் என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது: "உயிரோட இருக்கிற ஆளின்ர படத்தை ஆரும் துணியால மூடி வீட்டுக்குக் கொண்டு வருவினமோ?"

விருந்தாளி

நாலாவது தரம் ஏற்றிய பிறகு மேடத்துக்குக் கொஞ்சம் சுகமான நாட்கள் வந்தன. எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊருக்குப் போவதற்குள் பார்க்க வேண்டும் என்றார். அந்த வார்த்தை எனக்குக் குத்தியது. ஜோசப் கூட்டி வந்தார். அபி கேக் வாங்கி வைத்தாள், நான் உறைப்புக் குறைத்து இடியப்பமும் சொதியும் வைத்தேன். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், படத்தில் இருந்த மாலையை மறந்துவிட்டேன்.

மேடம் உள்ளே வந்து கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு ஜனாதிபதி அந்தக் காலத்திலேயே குடும்ப நண்பர். அபி ஆங்கிலத்தில் விளக்கினாள்: எங்களிடத்தில் மாலை போட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம், அப்பா அவசரப்பட்டுவிட்டார். என் மனுஷன் மாலையைக் கழற்ற ஓடினார். மேடம் கையைக் காட்டித் தடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணீர் வர, விட்டு விட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. குசினிக்குள் போய் நின்று அழுதுவிட்டேன்.

போகும்போது போனில் ஒரு படம் எடுத்தார். முன்னாள் ஜனாதிபதியின் மனைவிக்கு அனுப்பப் போகிறேன், அவளும் சிரிக்கட்டும், பாவம், அவர்களும் வீடு மாறிக்கொண்டு இருக்கிறார்கள் என்றார். கதவடியில் திரும்பி மாலையோடு இருந்தவரை இன்னொரு தரம் பார்த்தார்: "விடுங்கள், இருக்கட்டும். இந்தப் பத்து வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை."

தூசு

இனி என் பங்குக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். புதிய ஜனாதிபதியை நான் துடைக்கவில்லை.

மற்ற ஊர்களில் இருந்த தூதுவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பு வந்தது. தபால்காரன் வந்தாலே தூதுவர் எழும்பி நிற்பார். மேலே மேடம் ஐந்தாவது மருந்துக்கான தேதியைக் கலண்டரில் பென்சிலால் எழுதியிருந்தார், பேனையால் எழுதவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தால் ஹோலில் அந்தப் புது மனிதர் பளிச்சென்று சிரித்துக்கொண்டு இருப்பார். எனக்குப் படங்களோடு பழைய கணக்கும் உண்டு. மட்டக்களப்பில் காணாமல் போன என் அண்ணாவைத் தேடி அம்மாவும் நானும் ஏறி இறங்கிய கந்தோர் எல்லாவற்றிலும் சுவரில் ஒரு ஜனாதிபதி இருந்தார். அம்மா மேசையில் இருந்தவரிடம் கேட்டுப் பதில் வராவிட்டால் நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார். படம் எந்த நாளும் வாய் திறந்ததில்லை. அண்ணாவும் வரவில்லை.

ஆகவே மேசையைத் துடைத்தேன், சட்டத்தின் கீழ் விளிம்புவரை சுவரைத் துடைத்தேன், அதற்கு மேலே கை போகவில்லை. மூன்று கிழமை. கறுப்புக் கோட்டில் தூசு வெள்ளையாகப் படிந்தது. ஃப்ராவ் லூத்தி பத்து வருஷத்தில் என் வேலையில் ஒரு குறை சொன்னதில்லை. ஒருநாள் விரலை மேல்சட்டத்தில் ஓட்டிப் பார்த்து, என்னையும் பார்த்து, விரலைத் தன் பாவாடையில் துடைத்தார்: "இங்கே ஓரிடம் விடுபட்டிருக்கிறது. எனக்கும் கண் சரியாகத் தெரிவதில்லை."

வேண்டாம், நன்றி

இலையுதிர் காலம் வந்தால் இந்த நாட்டில் காப்புறுதிக்காரர்கள் போன் அடித்து உயிரை வாங்குவார்கள். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும்: முதலில் ஒரு வினாடி மௌனம், பிறகு ஒரு இனிமையான குரல், எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. மருந்தால் மேடத்துக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன, போனைப் பிடிக்க முடியாது. அதனால் மேல்வீட்டில் மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அடித்தது. ஒரு வினாடி மௌனம். பிறகு இனிமையான ஆண் குரல், மேடம் எப்படி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டது. எங்களிடம் காப்புறுதி இருக்கிறது, வேண்டாம், நன்றி என்று வைத்துவிட்டேன்.

திரும்ப அடித்தது. திரும்பவும் வேண்டாம் என்று வாயெடுக்கும் முன்னம் அந்தக் குரல், தன் பெயரையும் தான் யார் என்பதையும் பொறுமையாகச் சொன்னது. நான் துடைக்காமல் விட்ட புதிய ஜனாதிபதி. ஸ்பீக்கரைப் போட்டு மேடத்தின் மடியில் வைத்துவிட்டு, போக வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அங்கேயே நின்றேன். குரல் சொன்னது: போன கிழமை பழைய ஜனாதிபதி, மாளிகையின் சாவியைக் கொடுக்க வந்தார். எங்களுக்குள் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்போது அவர் ஒரு போட்டோ காட்டினார். பேர்னில் ஒரு குடும்பம் எனக்கு மாலை போட்டுவிட்டது, பார் என்றார். இருவரும் சிரித்தோம். தேர்தலுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தரம். பிறகு அந்தப் போட்டோவை அனுப்பியது யார், அவருக்கு என்ன நோய் என்று சொன்னார். வைத்தியம் முடியும்வரை அவர்களை அங்கே இருக்க விடு என்றார், என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மேடத்தின் விரல்கள் போனைத் தடவின. பிறகு, விளையாட்டாகச் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி, குரல் சொன்னது: "எனக்கு ஒரு கிராமசபையை நடத்தத் தெரியாது என்று உங்கள் கணவர் எழுதினார். உண்மைதான் போலிருக்கிறது, அவருடைய ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் எங்கேயோ தொலைத்துவிட்டேன். உங்கள் டாக்டர் முடிந்தது என்று எழுதும்வரை அது கிடைக்காது."

திரை

மேடம் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு கலண்டரை எடுத்து வரச் சொன்னார். ஐந்தாவது தேதியின் மேல், மரத்த விரல்களால் பேனையை இறுக்கிப் பிடித்து, ஒரு குழந்தை எழுதுவது போல எழுதினார். ஆறாவதையும் எழுதினார்.

நான் கீழே போனேன். பாவித்த துணி வேண்டாம் என்று, பெட்டியைப் பிரித்துப் புது நீலத் துணி ஒன்று எடுத்தேன். மருந்தைத் துணியில்தான் அடித்தேன். குட்டி ஏணியில் ஏறி மேல்சட்டத்தில் தொடங்கி, நெற்றி, கண், கோட்டு, கைகள் என்று மூன்று கிழமைத் தூசையும் எடுத்தேன். ஒருநாள் ஒரு படத்தில் இருந்து குரல் வந்ததை அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தேன், கண்ணாடி கொஞ்சம் மங்கியது, அதையும் துடைத்தேன். பழக்க தோஷத்தில் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தேன். மேலே போய்ச் செய்தி கேட்டுவிட்டு இறங்கி வந்த தூதுவர், படியிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது. எனக்குப் பக்கத்தால் போய், தன் கையாலேயே திரையை ஒரு கரையில் இருந்து மறு கரைவரை இழுத்துத் திறந்துவிட்டுச் சொன்னார்: "வெளிச்சத்திலேயே துடையுங்கள், மிஸஸ் தவா. இந்த ஆளை எல்லோரும் பார்க்கட்டும்."

ஆறும் முடிந்து, ஒபரேஷனும் முடிந்து, தலையில் ஒரு விரற்கடை முடியோடு மேடம் சித்திரையில் ஊருக்குப் போனார். எங்கள் வீட்டு ஹோலில் மாலை கழற்றிய முன்னாள் ஜனாதிபதி ஒருவர் இன்னும் இருக்கிறார், சனிக்கிழமைகளில் அவரைத் துடைக்கிறேன், எந்த நிறத் துணி என்று அவர் கேட்பதில்லை.